மெட்ஸோ ஃபோர்ட்டே வாசிப்பது எப்படி? கீபோர்டு, பியானோ கிரேடு தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

மதுரையில் கீபோர்டு, பியானோ வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பலர் டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் இசைத் தேர்வு வாரியங்களின் கிரேடு தேர்வுக்குத் தயாராகிறார்கள். நோட் தப்பாது, தாளமும் தப்பாது, ஆனாலும் மார்க் பாஸுக்கு மேல் ஏறாது. எங்கள் வீட்டில் மகளுக்கு நடந்ததும் அதுதான். ரிசல்ட்டோடு வந்த தாளில், தேர்வில் வாசித்த மூன்று பீஸுக்கும் (இசைத்துண்டுக்கும்) ஒரே குறைதான் எழுதியிருந்தது: சத்தத்தில் ஏற்ற இறக்கம் போதவில்லை. வகுப்பில் போய்க் கேட்டால், "மெட்ஸோ ஃபோர்ட்டேன்னா மீடியம் சத்தம், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், விரலால் என்ன செய்வது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு கேட்டும் படித்தும் வீட்டில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், மார்க் அங்கேதான் இருக்கிறது. டிரினிட்டி நேரடித் தேர்வில் மொத்தம் 100. பாஸுக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. ஒரு பீஸுக்கு 22 மார்க். அதில் நோட்டும் ஓட்டமும் சரியாக இருப்பதற்கு 7, கை நுட்பத்துக்கு 7, இசையை உணர்ந்து வாசித்துக் கேட்பவரிடம் சேர்ப்பதற்கு 8. சத்தத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இந்த எட்டில் வந்து விழுகிறது. மூன்று பீஸுக்குச் சேர்த்தால் 24. எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வாசித்தால் இந்த இருபத்து நான்கில்தான் அடி விழும்.

1. முதலில் கீபோர்டில் டச் இருக்கிறதா என்று பாருங்கள்

பயிற்சிக்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. வால்யூமைத் தொடாமல் ஒரு கட்டையை மெதுவாக இறக்குங்கள். அதே கட்டையை வேகமாக இறக்குங்கள். இரண்டு முறையும் ஒரே சத்தம் வந்தால் இரண்டில் ஒரு காரணம்தான்: டச் ரெஸ்பான்ஸ் (கட்டை இறங்கும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் வசதி) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அந்த மாடலில் அந்த வசதியே கிடையாது.

அணைத்து வைத்திருந்தால் செட்டிங்ஸில் 'டச்' என்ற இடத்துக்குப் போங்கள். 'ஃபிக்ஸ்டு' என்றோ 'ஆஃப்' என்றோ இருந்தால் 'மீடியம்' அல்லது அதற்கு இணையான எண்ணுக்கு மாற்றுங்கள். பிறகு பியானோ டோனிலேயே வைத்துச் சோதியுங்கள். ஆர்கன் டோனில் சோதிக்காதீர்கள். ஆர்கனில் எவ்வளவு வேகமாகக் கட்டையை அடித்தாலும் சத்தம் மாறாது, பெரும்பாலான கீபோர்டுகளிலும் அந்த டோன் அப்படியே நடந்துகொள்ளும்.

வசதியே இல்லாத மாடல் என்றால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் பலன் வராது. யமஹாவில் பிஎஸ்ஆர்-எஃப்52, இ273 இரண்டிலும் டச் கிடையாது, இ373-இல் உண்டு. கேசியோவில் சிடி-எஸ்200-இல் கிடையாது, சிடி-எஸ்300-இல் உண்டு. பெட்டியைப் பார்த்தால் இவை அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். கடையில் "61 கீ, ஃபுல் சைஸ்" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். "டச் ரெஸ்பான்ஸ் இருக்கா, போட்டுக் காட்டுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள், நீங்களே அழுத்திப் பாருங்கள். டச் உள்ள 61 கட்டைக் கீபோர்டு பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே தொடங்குகிறது. இல்லாததற்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் சில ஆயிரங்கள்தான். ஒரு தேர்வுக் கட்டணம் வீணாவதோடு ஒப்பிட்டால் அந்தச் சில ஆயிரங்கள் பெரிதில்லை.

பியானோ தேர்வு என்றால் கனமான கட்டைகள் உள்ள 88 கீ டிஜிட்டல் பியானோ வேண்டும், அது 35,000 ரூபாய்க்கு மேல் போகும். முதல் கிரேடுக்கே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. வகுப்பிலோ சர்ச்சிலோ இருக்கும் பியானோவில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஊரில் பாடகர் குழு உள்ள தேவாலயங்கள் பலவற்றில் நல்ல வாத்தியம் இருக்கிறது, ஆராதனை இல்லாத நேரத்தில் மரியாதையாகக் கேட்டால் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு.

2. மெட்ஸோ ஃபோர்ட்டே என்றால் எவ்வளவு சத்தம்

புத்தகத்தில் இது எம், எஃப் என்று இரண்டு தடித்த சாய்வெழுத்தாக இருக்கும். இத்தாலிய மொழியில் மெட்ஸோ என்றால் பாதி, ஃபோர்ட்டே என்றால் பலமாக. மிதமான பலத்தோடு வாசி என்று பொருள். தியரித் தேர்வில் இந்த அளவு எழுதினால் போதும்.

வாசிக்கிறவருக்கு இது போதாது. இந்த எழுத்துக்கு என்று தனியாக ஒரு டெசிபல் அளவு கிடையாது. பக்கத்தில் இருக்கும் மற்ற எழுத்துகளோடு சேர்த்துத்தான் இதற்கு அர்த்தம் வரும். கீழிருந்து மேலே படி இப்படி: பியானிஸ்ஸிமோ, பியானோ, மெட்ஸோ பியானோ, மெட்ஸோ ஃபோர்ட்டே, ஃபோர்ட்டே, ஃபோர்ட்டிஸ்ஸிமோ. ஆறு படி, அதில் நான்காவது நம்முடையது. இங்கே பியானோ என்பது வாத்தியம் இல்லை, மெதுவான சத்தம் என்று பொருள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது எதிரே இருப்பவரிடம் தெளிவாகப் பேசும் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் இருப்பவரைக் கூப்பிடும் குரல் ஃபோர்ட்டே. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது பியானோ. சாப்பாட்டு நேரக் குரலில் கூச்சலும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் கேட்கும். இந்த எழுத்தை வாசிக்கும்போதும் ஒவ்வொரு நோட்டும் அப்படிக் கேட்க வேண்டும்.

இங்கே பிள்ளைகள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. தேர்வுப் பதற்றத்தில் முதல் வரியையே ஃபோர்ட்டே அளவுக்கு வாசித்துவிடுவார்கள். அப்புறம் நிஜமான ஃபோர்ட்டே வரும்போது மேலே ஏற இடமே இருக்காது. கை இறுகும், கட்டை தடதடவென்று சத்தம் போடும். அதனால் உங்கள் வாத்தியத்தில் அசிங்கமாக ஒலிக்காத அதிகபட்சச் சத்தம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைப் பீஸில் வரும் பெரிய எழுத்துக்கு வையுங்கள். எல்லா நோட்டும் விழுந்துவிடாமல் ஒலிக்கும் குறைந்தபட்சச் சத்தம் எது என்று பாருங்கள், அது சின்ன எழுத்துக்கு. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் மேல் பக்கமாக, மெட்ஸோ ஃபோர்ட்டேயை வையுங்கள்.

காதால் பிடிபடவில்லை என்றால் நோட் எழுதி ஒலிக்கவைக்கும் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை மிடி முறையில் 127 வரை ஓர் எண்ணாகக் குறிப்பார்கள். மியூஸ்ஸ்கோரில் பியானோவுக்கு 49, மெட்ஸோ பியானோவுக்கு 64, மெட்ஸோ ஃபோர்ட்டேவுக்கு 80, ஃபோர்ட்டேவுக்கு 96 என்று வைத்திருக்கிறார்கள். நான்கு பார் (செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் வரும் தாளக் கட்டம்) எழுதி, எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். இந்த எண்கள் அந்த மென்பொருளின் ஏற்பாடுதான், சட்டமில்லை. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு இடைவெளி என்று காதுக்குப் பழகும்.

3. எழுத்து எங்கே நிற்கிறது என்று படியுங்கள்

பென்சிலை எடுத்துக்கொண்டு பீஸை வாசிக்காமல் ஒருமுறை படியுங்கள். எழுத்து எந்த நோட்டுக்குக் கீழே நிற்கிறதோ அந்த நோட்டிலிருந்து தொடங்கி, அடுத்த எழுத்து வரும்வரை அதே சத்தம்தான். மூன்று வரி தள்ளித்தான் அடுத்தது வருகிறது என்றால் மூன்று வரிக்கும் அதுவே. பிள்ளைகள் இரண்டு பாரில் மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நடப்பில் இருக்கும் எழுத்தைப் பென்சிலால் மறுபடி எழுதிவிடுங்கள்.

இரண்டு ஸ்டாஃபுக்கும் (ஐந்து கோட்டு வரிசைக்கும்) நடுவில் இருந்தால் இரண்டு கைக்கும் பொருந்தும். பேஸ் ஸ்டாஃபுக்கு, அதாவது கீழ் வரிசைக்குக் கீழே தனியாக ஒன்று இருந்தால் அது இடது கைக்கு. ஹேர்பின் என்ற நீளமான V போன்ற குறி விரிந்துகொண்டே போனால் கிரெஷெண்டோ (சத்தம் படிப்படியாகக் கூடும்), குறுகினால் டிமினுயெண்டோ (படிப்படியாகக் குறையும்). ஹேர்பின் முடியும் இடத்தில் எழுத்து இல்லையென்றால் ஒரு படி ஏறினால் அல்லது இறங்கினால் போதும். மெட்ஸோ ஃபோர்ட்டேயிலிருந்து விரியும் ஹேர்பினைப் பார்த்ததும் முதல் நோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். குறி தொடங்கும் நோட்டு இன்னும் பழைய சத்தத்தில்தான் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் ஏற்றம்.

பாரோக் காலத்துப் (சுமார் 1600 முதல் 1750 வரை) பீஸ்களில் பல சமயம் இசையமைப்பாளர் ஒரு எழுத்தும் போட்டிருக்க மாட்டார். தேர்வுப் புத்தகத்தில் இருப்பது பதிப்பாசிரியர் சேர்த்த யோசனை. அதை அப்படியே பின்பற்றலாம், வாத்தியாரோடு பேசி நியாயமாக மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஒன்றுமே போடாமல் தொடங்கும் எளிய பீஸை மெட்ஸோ ஃபோர்ட்டேயில் தொடங்குவது பரவலான வழக்கம்.

4. விரலுக்குக் கொண்டுவருவது

நேரம் அதிகம் கொடுக்க வேண்டியது இந்தப் படிக்குத்தான். அவசரப்படாதீர்கள்.

பியானோவில் சத்தத்தைத் தீர்மானிப்பது சுத்தியல் கம்பியில் போய் மோதும் வேகம். கட்டை வேகமாக இறங்கினால் சுத்தியல் வேகமாகப் போகும். டிஜிட்டல் கீபோர்டிலும் ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் தொடுமுனைகள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் அது சத்தத்தைக் கணக்கிடுகிறது. ஆக, அடியில் போய்ச் சேர்ந்த பிறகு கட்டையை எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. "நல்லா அழுத்து" என்று பிள்ளையிடம் சொன்னால் தோளும் மணிக்கட்டும்தான் இறுகும். "கட்டை வேகமா இறங்கட்டும்" என்று சொல்லுங்கள், உடனே வித்தியாசம் கேட்கும்.

பயிற்சி இப்படி. வலது கை ஐந்து விரலையும் ஸ ரி க ம ப மேல் வையுங்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவியை) நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு நோட்டாக மேலே போய்க் கீழே வாருங்கள், முழுக்க மெட்ஸோ ஃபோர்ட்டேயில். கட்டைவிரல் இடித்துக்கொண்டு விழும், மோதிர விரல் கரைந்துவிடும். ஐந்தும் ஒரே அளவில் வரும்வரை வேறு எதற்கும் போகாதீர்கள். பல பிள்ளைகளுக்கு மெட்ஸோ ஃபோர்ட்டே சரியாக வராததற்குக் காரணம் சத்தம் கூடியதோ குறைந்ததோ இல்லை, விரலுக்கு விரல் அது மாறுவதுதான். சமமாக வந்த பிறகு அதையே பியானோ அளவில், பிறகு ஃபோர்ட்டேயில். கடைசியில் மறுபடி மெட்ஸோ ஃபோர்ட்டே. திரும்பி வரும்போது முதலில் வாசித்த அளவே வருகிறதா என்று கேளுங்கள். ஃபோர்ட்டேயிலிருந்து இறங்கி வரும்போது பெரும்பாலும் கொஞ்சம் உயர்ந்தே நின்றுவிடும்.

மெட்ரோனோம் எதற்கு என்றால், மெதுவான சத்தத்தில் பிள்ளைகளின் வேகமும் குறையும், பலமான சத்தத்தில் ஓடுவார்கள். சத்தம் மாறலாம், காலப்பிரமாணம் மாறக்கூடாது.

இரண்டு கையும் சேரும்போது இன்னொன்று. எழுத்து ஒன்றுதான் என்றாலும் இரண்டு கையையும் ஒரே சத்தத்தில் வாசித்தால் மெட்டு அமுங்கிவிடும். மெட்டு வலது கையில் இருந்தால் அதை மெட்ஸோ ஃபோர்ட்டேயில் வைத்து, இடது கையில் சேர்த்து அழுத்தும் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகளை) ஒரு படி கீழே வையுங்கள். இடது கையைக் கட்டை அடியில் சேராமல் சும்மா மேலே தொட்டு வைத்தபடி வலது கையை மட்டும் வாசிப்பது இதற்கு நல்ல வழி. எலக்ட்ரானிக் கீபோர்டில் ஸ்டைல் (தானாக ஓடும் தாளமும் பின்னணியும்) போட்டு வாசிப்பவர்கள் கவனியுங்கள்: தாளத்தின் சத்தம் உங்கள் விரலைக் கேட்காது. அக்கம்பனிமென்ட் வால்யூமைத் தனியாகக் குறைத்து வைத்து, அந்த எண்ணைப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. அடுத்த அறையில் உட்காருங்கள், புத்தகம் பார்க்க வேண்டாம். பிள்ளை நான்கு பார் வாசிக்கட்டும், எந்த எழுத்து என்று நீங்கள் சொல்லுங்கள். சங்கீதம் தெரியாதவர் சொல்லியே சரியாக வந்தால் தேர்வாளர் காதிலும் விழும். வாசிப்பவருக்குத் தான் பெரிய வித்தியாசம் காட்டியதுபோல் தோன்றும், கேட்பவருக்கு அதில் பாதிதான் வந்து சேரும். தினம் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்கினால், தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் சத்தத்தைச் சேர்க்கப் பார்த்தால் சரியாக இருந்த நோட்டும் தடுமாறும்.

5. பதிவு: காகிதம், காசு, தேதி

பெயரில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல். படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்கும், நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட் இருந்தால் அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இல்லையென்றால் ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, இனிஷியலை அப்பா பெயராக விரித்து எழுதுங்கள். நீங்கள் பதிந்ததுதான் சான்றிதழில் அச்சாகும். பதிவை வகுப்பில் செய்தாலும், அனுப்பும் முன் திரையில் காட்டச் சொல்லி நீங்களே பாருங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு வாரியத்திலும் குறைந்தபட்ச வயது என்று ஒன்றும் இல்லை, கீழ் கிரேடு முடித்தால்தான் அடுத்தது என்றும் இல்லை. ஒரே விதிவிலக்கு, ஏபிஆர்எஸ்எம்மில் 6-ஆம் கிரேடு முதல் எழுத 5-ஆம் கிரேடு தியரி போன்ற ஒரு முன்தகுதி தேவை.

கட்டணம் கிரேடு ஏற ஏற ஏறும், அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். வாரியத்தின் தளத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்பில் பணம் கொடுங்கள். அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேட்டு ரசீது வாங்குங்கள். பதிந்த பிறகு மனம் மாறினால் பணம் பொதுவாகத் திரும்பாது. உடம்பு சரியில்லாமல் போனால் டாக்டர் சான்றிதழை வைத்துச் சலுகை கேட்க வழி இருக்கிறது, அதனால் அந்தத் தாளை அன்றே வாங்கிவையுங்கள்.

புத்தகம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். வகுப்பில் கொடுக்கும் ஜெராக்ஸை வைத்து வாசிக்க விட மாட்டார்கள். டவுன்லோடு செய்து வாங்கினால் வாங்கியதற்கான ரசீதையும் சேர்த்து வையுங்கள். மதுரையில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் தேடுங்கள், வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். புத்தகம் கைக்கு வந்த பிறகு பதிவு செய்வதே நல்லது.

தேதி பார்க்கும்போது பள்ளி முழு ஆண்டுத் தேர்வு நடக்கும் மார்ச்சை விட்டுவிடுங்கள். மாசி வீதிகள் பக்கம் குடியிருப்பவர்கள் சித்திரைத் திருவிழா நாட்களில் வீட்டில் ரெக்கார்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒலிபெருக்கிக்கு நடுவில் பியானிஸ்ஸிமோ எடுபடாது. நேரடித் தேர்வு சென்னையிலோ வேறு ஊரிலோ அமைந்தால், ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். இரவு ரயிலில் போய் அன்று காலையே தேர்வு அறைக்குள் நுழையும் திட்டம் வேண்டாம். தூக்கமில்லாத கைக்கு முதலில் தப்பிப்போவது சத்தத்தின் அளவுதான். ஒரு நாள் முன்னால் போங்கள்.

6. வீடியோ தேர்வு என்றால் போனைக் கவனியுங்கள்

வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பும் தேர்வு பலருக்கு வசதி. ஏபிஆர்எஸ்எம் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் நான்கு பீஸையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும்.

இதில் யாரும் சொல்லாத தொல்லை ஒன்று உண்டு. போன் கேமரா, மெதுவான சத்தத்தைத் தானாகத் தூக்கிவிடும், பலமானதைத் தானாக அமுக்கிவிடும். பேச்சுப் பதிவுக்கு அது நல்லது. நமக்கோ பியானோவும் ஃபோர்ட்டேயும் ஒரே மெட்ஸோ ஃபோர்ட்டேயாக ஆகிவிடும், பிள்ளை மூன்று மாதம் பாடுபட்டது வீடியோவில் காணாமல் போகும். முன்கூட்டியே சோதியுங்கள்: மிக மெதுவாக நான்கு பார், மிகப் பலமாக நான்கு பார் எடுத்து, ஹெட்போனில் கேளுங்கள். வித்தியாசம் கரைந்திருந்தால் மைக் அளவைக் கையால் நிறுத்திவைக்க விடும் கேமரா ஆப் ஒன்றைப் போடுங்கள், அல்லது போனை ஆறேழு அடி தள்ளி வையுங்கள். வெளி மைக் இருந்தால் இன்னும் நல்லது. எடுத்த பிறகு சத்தத்தைத் திருத்துவதற்கு அனுமதி இல்லை.

மின்விசிறியை நிறுத்துங்கள். மதுரை வெயிலுக்கு அது கொடுமைதான், அதனால் விடியற்காலை ஆறு மணி வாக்கில் எடுங்கள். தெருவும் அந்த நேரத்தில் அமைதியாக இருக்கும், குக்கரும் விசில் அடிக்காது.

7. நேரடித் தேர்வு அன்று

டிரினிட்டி பியானோவில் 5-ஆம் கிரேடு வரை துணைத் தேர்வு இரண்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதில் மியூசிக்கல் நாலெட்ஜ் எடுத்தால், உங்கள் பீஸில் இருக்கும் குறிகளையே காட்டி என்ன என்று கேட்பார்கள். மெட்ஸோ ஃபோர்ட்டே கேட்டால் "மிதமான பலத்தோடு" என்பதை ஆங்கிலத்தில் "மாடரேட்லி லவுட்" என்று ஒரே வரியில் சொல்லப் பழக்குங்கள். 'மீடியம்' என்று மட்டும் சொல்ல வேண்டாம், மெட்ஸோ பியானோவுக்கும் அதே சொல்தான் வாயில் வரும். ஏபிஆர்எஸ்எம் முதல் கிரேடு ஆரல் (காதால் கேட்டுச் சொல்லும்) தேர்விலும், வாசித்துக் காட்டியது பலமாக இருந்ததா மெதுவாக இருந்ததா, மாற்றம் சட்டென்று வந்ததா படிப்படியாக வந்ததா என்று கேட்பது உண்டு.

அங்கே இருக்கும் பியானோ உங்களுடையது இல்லை. கட்டை கனமாக இருக்கலாம், அறை சின்னதாக இருக்கலாம். தொடங்கும் முன் ஒரு சில நோட் வாசித்துப் பார்க்க இடம் கொடுப்பார்கள், "மே ஐ ட்ரை தி பியானோ" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அந்தச் சில விநாடியில் பீஸின் தொடக்கத்தை வாசித்து வீணாக்காதீர்கள். ஸ ரி க ம ப ஒருமுறை மெட்ஸோ ஃபோர்ட்டேயில், ஒருமுறை பியானோ அளவில். பியானோ அளவில் நோட்டு ஒலிக்காமல் போய்விட்டால் அந்த வாத்தியத்தில் எல்லாப் படியையும் சற்று மேலே தூக்கி வைக்க வேண்டும். மெட்ஸோ ஃபோர்ட்டேயே அறையில் அதிர்ந்தால் சற்று இறக்க வேண்டும். ஸ்டூலின் உயரத்தையும் அப்போதே சரிசெய்து, முழங்கை கட்டைக்கு நேராக வந்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.